டாட்டன்ஹாம்: ஒரு கால்பந்து அரங்கும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளும்

ஒரு நகரத்தின் வரலாறு அதன் கோட்டைகளிலும் கோபுரங்களிலும் மட்டுமே பொறிக்கப்பட்டிருப்பதாகக் கருதுதல் பொருந்தாது. யார் எந்தத் தெருவில் குடியிருந்தனர், யாருடைய ஆணையால் அத்தெருவை விட்டு எழுந்தனர், எழுந்தவர் எங்கே சென்றனர் என்பனவும் வரலாறே. இவற்றை எழுதி வைப்போர் குறைவு. இடம் பெயர்த்தப்படுதல் என்னும் சொல்லின் பொருளை இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. எனவே நேராகப் பொருளுக்குச் செல்வோம்.

இலண்டன் மாநகரின் வடக்கே டாட்டன்ஹாம் என்றொரு பகுதி உண்டு. உலகெங்கும் கால்பந்து ஆர்வலர் அறிந்த டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கழகத்தின் ஊர் அது. அங்கே 2019ஆம் ஆண்டில் 62,850 பேர் அமரக்கூடிய புதிய விளையாட்டரங்கு ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு ஆன செலவு சுமார் நூறு கோடிப் பவுண்டு. அரங்கைச் சுற்றியுள்ள தாழ்ந்த கட்டடங்களையும் பட்டறைகளையும் அகற்றி, வானளாவிய அடுக்குமாடிகளில் ஆயிரக்கணக்கான வீடுகளை நெருக்கமாகக் கட்டும் திட்டமும் அதனுடன் பிறந்தது. இதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘மீளுருவாக்கம்’ என்பதாகும். எது மீண்டும் உருவாகிறது, எது உருவழிகிறது என்பதை அறிய வேண்டுமாயின் நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

டாட்டன்ஹாம் தொழிலாளர் ஊராக மாறியதே ஓர் இடப்பெயர்ச்சியின் விளைவுதான். 1860களில் கிரேட் ஈஸ்டர்ன் இருப்புப்பாதை நிறுவனம் தன் பாதையை இலண்டன் நகரின் உட்பகுதி வரை நீட்டிக்க முற்பட்டது. அவ்வழியில் ஏழைத் தொழிலாளர்களின் வீடுகள் நெருங்கி நின்றன. அவற்றை இடிப்பதற்குப் பாராளுமன்றம் 1864ஆம் ஆண்டுச் சட்டத்தில் இசைவளித்தபோது ஒரு நிபந்தனையும் விதித்தது. வடக்கேயுள்ள எட்மண்டன், வால்தம்ஸ்டோ ஆகிய ஊர்களிலிருந்து அதிகாலையில் தொழிலாளர்களுக்கென மலிவு வண்டிகளை நிறுவனம் இயக்க வேண்டும் என்பதே அது. போகவர இரண்டு பென்னி கட்டணம். 1872இல் டாட்டன்ஹாம் வழியாக எட்மண்டனுக்கும் என்ஃபீல்டுக்கும் புதிய பாதை திறக்கப்பட்டது. ஒயிட் ஹார்ட் லேன் நிலையம் அவ்வாண்டில் தோன்றியதுதான். வீடிழந்தவர் அனைவரும் அவ்வண்டிகளில் ஏறி வந்தனர் என்று கூறுதல் மிகையாகும். ஆயினும் அடுத்த முப்பதாண்டுகளில் வயல்களும் தோட்டங்களுமாக இருந்த டாட்டன்ஹாம், செங்கல் வீடுகளின் வரிசை வரிசையான ஊராயிற்று. தொழிலாளர் வீட்டு வசதி பற்றி 1884-85இல் ஆராய்ந்த அரச ஆணையத்தின் முன் சாட்சியளித்த அந்நிறுவனத்தின் பொது மேலாளர், மலிவு வண்டிகளால் அப்பகுதிகள் மேல்தட்டினர் குடியிருக்கத் தகாதனவாகிவிட்டன என்ற கருத்தை வெளியிட்டார். ஏழைகள் வந்தால் ஊர் கெட்டுவிடும் என்னும் எண்ணம் எத்துணைப் பழமையானது என்பதற்கு இதுவே சான்று.

கழகத்தின் பிறப்பும் இக்காலத்தையே சார்ந்தது. 1882இல் பள்ளிச் சிறுவர் சிலர், தம் கிரிக்கெட் ஆட்டம் இல்லாத குளிர்காலத்தில் ஆடுவதற்கென அமைத்துக்கொண்ட சங்கம் அது. அவர்களுக்கு விவிலிய வகுப்பு நடத்திய ஜான் ரிப்ஷர் என்னும் ஆசிரியர் அதன் முதல் தலைவரானார். (ஆசிரியர்கள் தொடங்கி வைத்தவை பிறர் கையில் பெருஞ்செல்வமாவது உலக வழக்கமே.) முதலில் சதுப்பு நிலத் திடலில் ஆடினர், 1899இல் மதுவடிப்பு நிறுவனம் ஒன்றுக்கு உரிமையான நாற்றுத் தோட்ட நிலத்திற்குப் பெயர்ந்தனர். அதுவே பின்னர் ஒயிட் ஹார்ட் லேன் அரங்கம் எனப் பெயர் பெற்றது. 1938 மார்ச் 5ஆம் நாள் அங்கே நடந்த ஓர் ஆட்டத்தைக் காண 75,038 பேர் திரண்டனர். அவர்களில் பெரும்பாலோர் அடுத்த தெருக்களிலிருந்து நடந்து வந்த தொழிலாளர் என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம். 1960-61இல் பில் நிக்கல்சனின் பயிற்சியில் கழகம் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் ஒரே ஆண்டில் வென்று அந்நூற்றாண்டில் அச்சாதனை புரிந்த முதற் கழகமாயிற்று.

அன்று அவ்வூரில் வேலை இருந்தது. லீபஸ் என்னும் அறைகலன் தொழிற்சாலை உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாகக் கருதப்பட்டது. அதனினும் நமக்கு நெருங்கிய தொடர்புடையது மற்றொன்று. நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில் மெழுகுத் தாளில் ஊசியால் எழுதி, மை தடவிய உருளையைச் சுழற்றி வினாத்தாள் எடுத்த படியெடுக்கும் பொறி நம்மில் மூத்தோர் பலர்க்கும் நினைவிருக்கும். அதன் நெற்றியில் ‘கெஸ்டெட்னர்’ என்று எழுதியிருக்கும். அந்தக் கெஸ்டெட்னர் தொழிற்சாலை 1906 முதல் டாட்டன்ஹாமில்தான் இயங்கியது. ஆயிரக்கணக்கான டாட்டன்ஹாம் தொழிலாளர் அதில் உழைத்தனர். நம் பிள்ளைகளின் காலாண்டுத் தேர்வுக்கும் அவ்வூர்க் கைகளுக்கும் ஒரு தொடர்பு இருந்தது என்பது வியப்பன்றோ? 1960களின் இறுதியில் லீபஸ் மூடப்பட்டது. 1990களில் கெஸ்டெட்னரும் அவ்வூரை விட்டு அகன்றது. வேலை போயிற்று; வேலைக்காக வந்த மக்கள் இருந்தனர்.

அம்மக்கள் யாவர்? 1948க்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டன் அழைத்துக்கொண்ட கறுப்பின மக்கள், சைப்ரஸ் தீவினர், பின்னர்த் துருக்கியரும் குர்தியரும், கானா நாட்டவர், தென்னமெரிக்கர் எனப் பல நாட்டினர் அங்குக் குடியேறினர். 1965இல் டாட்டன்ஹாம் ஹாரிங்கே என்னும் நகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அந்நகராட்சியின் மேற்குப் பாதி செல்வர் வாழும் குன்றுப்புறம். கிழக்குப் பாதியாகிய டாட்டன்ஹாம் வறியோர் வாழும் தாழ்புறம். 1985இல் கயானாவில் பிறந்த பெர்னி கிராண்ட் அந்நகராட்சி மன்றத்தின் தலைவரானார். 1987இல் பாராளுமன்றம் சென்றார். அவ்வாண்டில்தான் கறுப்பினத்தவரும் ஆசிய வழியினருமாக நால்வர் ஒருசேர அங்கு நுழைந்தனர். 1985 அக்டோபரில் காவலர் தம் இல்லத்தைச் சோதனையிட்டபோது சிந்தியா ஜாரெட் என்னும் கறுப்பினத் தாய் மயங்கி விழுந்து இறந்ததும், அதைத் தொடர்ந்த கலகத்தில் ஒரு காவலர் கொல்லப்பட்டதும் அவ்வூரின் மேல் நெடுங்காலம் நிழலாக நின்றன.

2011 ஆகஸ்டு 4ஆம் நாள் மார்க் டக்கன் என்னும் இளைஞரைக் காவலர் டாட்டன்ஹாமில் சுட்டுக் கொன்றனர். விடை கேட்டு 6ஆம் நாள் காவல் நிலையத்தின் முன் அமைதியாக நின்றோர்க்கு உரிய விடை கிடைக்கவில்லை. அன்றிரவு தொடங்கிய கலகம் இங்கிலாந்தின் பல நகரங்களுக்குப் பரவிற்று. கழகம் தன் திடலில் ஆட வேண்டிய அப்பருவத்தின் முதல் ஆட்டமே ஒத்திவைக்கப்பட்டது. மாநகர மேயர் அமைத்த ஆய்வுக் குழு 2012 இறுதியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அக்குழுவின் தலைவர் ஸ்டுவர்ட் லிப்டன் கட்டடத் தொழிலில் புகழ் பெற்றவர். காவலரின் துப்பாக்கியில் தொடங்கிய ஒரு துயரத்திற்குக் கட்டடம் கட்டுதல் மருந்தாக எண்ணப்பட்டது இங்ஙனமே.

இனி அரங்கின் கதைக்கு வருவோம். பழைய அரங்கில் சுமார் 36,000 பேரே அமரலாம். பெருங்கழகங்களுடன் போட்டியிட வருவாய் போதாது என்று கருதிய உரிமையாளர், 2010இல் அதே இடத்தில் பெரிய அரங்கு கட்ட அனுமதி பெற்றனர். அதே வேளையில் ஒலிம்பிக் அரங்கைப் பெற்றுக் கிழக்கு இலண்டனுக்குச் செல்லவும் முயன்றனர். 2011 பிப்ரவரியில் அது வெஸ்ட் ஹாம் கழகத்திற்கு என முடிவாயிற்று. கழகம் ஊரை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் மட்டும் நகராட்சியின் உள்ளத்தில் நிலைத்துவிட்டது. கலகத்தின் சாம்பல் ஆறாத நேரம் அது. போய்விடக்கூடியவனிடம் பேரம் பேசுவோர் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பவராகவே இருப்பர்.

முதல் அனுமதியின்படி அரங்குடன் கட்டப்படும் இருநூறு வீடுகளில் பாதி, எளியோர்க்கு எட்டும் வாடகையுடையனவாக இருத்தல் வேண்டும். சாலை, கல்வி முதலியவற்றுக்கெனக் கழகம் செலுத்த வேண்டிய தொகை 1 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கும் மேற்பட்டது. 2012 பிப்ரவரியில் இவ்விரண்டும் மாற்றப்பட்டன. வீடுகளின் எண்ணிக்கை கூடியது. எளியோர் வீடு என்னும் நிபந்தனை முற்றாக நீங்கியது. தொகை 5 லட்சம் பவுண்டுக்கும் கீழே இறங்கிற்று. மாறாக மேயரும் நகராட்சியும் சேர்ந்து 2 கோடியே 70 லட்சம் பவுண்டு அளவில் அப்பகுதிப் பணிகளுக்குப் பொதுப் பணம் ஒதுக்கினர். அந்நிபந்தனைகள் இருந்தால் திட்டம் கட்டுபடியாகாது என்பதே கூறப்பட்ட காரணம். இந்தக் ‘கட்டுபடியாகும் கணக்கு’ என்பது அந்நாட்டுக் கட்டடத் துறையில் பெரிய வல்லமை படைத்த ஆவணம். நிலத்தின் விலை, கட்டுமானச் செலவு, கட்டுவோனின் ஆதாயம் ஆகியவற்றைக் கூட்டி, எஞ்சுவது இருந்தால் அதில் எளியோர்க்கு வீடு. முதல் மூன்றும் முழுதாகக் கணக்கில் ஏறும். நான்காவதே மிச்சத்தை எதிர்பார்த்து நிற்கும். கணக்குப் பாடம் நடத்தும் நமக்கு இதில் கழித்தல் எப்பக்கம் செய்யப்படுகிறது என்பது விளங்காமற் போகாது.

கழகத்தின் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அரங்கைக் கட்டிய பணம் பெரும்பாலும் கழகம் வங்கிகளில் பெற்ற கடனே. பிற நாடுகளில் நடப்பது போல அரசு முழுச் செலவையும் தலையில் சுமக்கவில்லை. அரங்கும் அரும்பெரும் பொறியியற் படைப்பாகும். புல்தரை மூன்று துண்டுகளாகப் பிரிந்து தெற்கு மாடத்தின் அடியில் உருண்டு சென்று மறையும். அடியிலுள்ள செயற்கைத் தரையில் அமெரிக்கக் கால்பந்து ஆடப்படும். ஒரே அடுக்காகிய தெற்கு மாடத்தில் மட்டும் 17,500 பேர் அமர்வர். 2019 ஏப்ரல் 3ஆம் நாள் கிரிஸ்டல் பேலஸ் கழகத்திற்கு எதிரான முதல் லீக் ஆட்டத்தில் கொரிய நாட்டு வீரர் சன் ஹியுங்-மின் முதற் கோலை அடித்தார்.

அரங்கிற்கு நிலம் சேர்த்த கதை அத்துணை இனியதன்று. பாக்ஸ்டன் சாலையில் ஒரு குடும்பத்தார் நடத்திய உலோகத் தகட்டுப் பட்டறை இருந்தது. மற்றவர் அனைவரும் விற்றுச் சென்ற பின்னும் அவர்கள் மறுத்தனர். நகராட்சி நில ஆர்ஜித ஆணை பிறப்பித்தது; 2014இல் மத்திய அமைச்சர் அதனை உறுதி செய்தார். பொதுநலன் கருதியே பட்டா நிலத்தை எடுக்கலாம் என்பது சட்டம். ஒரு தனியார் கழகத்தின் அரங்கு பொதுநலனா என்று குடும்பத்தார் உயர்நீதிமன்றத்தில் வினவினர். 2014 நவம்பரில் பட்டறையில் தீப்பிடித்தது. 2015 பிப்ரவரியில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஊர் முழுவதையும் மீட்டெடுக்கும் பெருந்திட்டத்தின் ஒரு பகுதி அரங்கு என்பதால் அது பொதுநலனே என்ற வாதம் வென்றது. எளியோர் வீடு என்னும் நிபந்தனை நீக்கப்பட்டு மூன்றாண்டுகள் கழிந்த பின்னர் வெளியான தீர்ப்பு அது என்பதைக் காலவரிசை காட்டுகிறது.

கல்வியைப் பற்றி ஒரு சொல். அரங்கை ஒட்டிய புதிய கட்டடத்தில் 2014இல் தொழிற்கல்விப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. போதிய மாணவர் சேராமையால் 2017இல் மூடப்பட்டது. அவ்விடத்திலேயே அவ்வாண்டு மேனிலை வகுப்புகளுக்கான கல்விக்கூடம் ஒன்று தொடங்கிற்று. கழகமும், மேற்குக் குன்றுப்புறத்திலுள்ள ஹைகேட் என்னும் பழம்பெரும் தனியார் பள்ளியும் அதற்குத் துணை. உள்ளூர் மாணவர்க்கு அதில் முன்னுரிமை உண்டு. புகழ் பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு அங்கிருந்து பிள்ளைகள் செல்கின்றனர். இத்திட்டம் முழுவதிலும் நம் மனம் தயக்கமின்றி மகிழ்வது இதைக் கண்டே. ஆனால் மேல்நிலைத் தேர்ச்சியுடையவரைத் தெரிந்தெடுக்கும் கூடம் நிலைத்ததும், கைத்தொழில் கற்பிக்க வந்த பள்ளி மூன்றே ஆண்டில் மறைந்ததும் ஒருங்கே எண்ணத்தக்கன.

அரங்கிற்கு எதிரே, நெடுஞ்சாலைக்கு மேற்கில், லவ் லேன் என்னும் நகராட்சிக் குடியிருப்பு உள்ளது. 1960களில் கட்டப்பட்ட 297 வீடுகள். புகைவண்டி நிலையத்திலிருந்து அரங்கிற்கு வருவோர்க்கு நேர்வழி வேண்டின் அக்குடியிருப்பைக் கடந்தே வர வேண்டும். 2014இல் நகராட்சி ஏற்ற பெருந்திட்டம் அதனை முழுவதும் இடித்து, நிலையத்திற்கும் அரங்கிற்கும் இடையே ஒரு சதுக்கம் அமைத்து, சுற்றிலும் உயர் மாடிகள் எழுப்பக் கருதிற்று. 2017இல் ஆஸ்திரேலிய நிறுவனமாகிய லெண்ட்லீஸ் இதற்குத் தெரிவு செய்யப்பட்டது. இடிக்கப்படும் 297க்குப் பதிலாக ஏறத்தாழ 2,600 வீடுகள். அவற்றுள் நகராட்சி வாடகை வீடுகள் 500. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி சந்தை விலைக்கு. விற்கும் மாடிகளின் ஆதாயத்தில் வாடகை மாடிகளைக் கட்டுதல் என்பதே இந்நெருக்கக் கட்டுமானத்தின் உயிர்நாடி. அதனாலேயே கட்டடங்கள் உயர்ந்துகொண்டே போகின்றன.

இதற்கிடையே நகராட்சி அதே நிறுவனத்துடன் பாதிக்குப் பாதி கூட்டு அமைத்து, ஹாரிங்கேயின் பல குடியிருப்புகளை இருபதாண்டுத் திட்டத்தில் ஒப்படைக்கவும் முனைந்தது. சுமார் 200 கோடிப் பவுண்டு மதிப்புள்ள அத்திட்டத்தை மக்கள் எதிர்த்த வரலாறு விரித்து எழுதத்தக்கது. குடியிருப்போர் கூட்டங்கள் நடத்தினர். ஒருவர் வழக்குத் தொடுத்தார். ஆளுங்கட்சியினரே தம் கிளைக் கூட்டங்களில் திட்டத்தை ஆதரித்த உறுப்பினர்களை வேட்பாளர் பட்டியலிலிருந்து நீக்கினர். மன்றத் தலைவர் கிளேர் கோபர் 2018 சனவரியில் பதவி விலகலை அறிவித்தார். மே மாதத் தேர்தலுக்குப் பின் வந்த புதிய மன்றம் சூலையில் திட்டத்தைக் கைவிட்டது. வழக்கு மன்றத்தில் தோற்றது. வாக்குச் சீட்டு வென்றது. அரங்கின் எதிரேயுள்ள லவ் லேன் திட்டம் தனி ஒப்பந்தமாகையால் அது மட்டும் நின்றது.

அவ்வாண்டு சூலையில் மேயர் சாதிக் கான் ஒரு விதி கொணர்ந்தார். குடியிருப்பை இடித்துக் கட்டும் திட்டத்திற்கு மாநகர நிதி வேண்டின் குடியிருப்போரின் வாக்கெடுப்பு நடத்துதல் வேண்டும். அதன்படி 2021 ஆகஸ்டு, செப்டம்பரில் லவ் லேன் மக்கள் வாக்களித்தனர். வாக்களித்தோர் 69.4 விழுக்காடு, அவர்களுள் இடித்துக் கட்டுதலை ஏற்றோர் 55.7 விழுக்காடு.

இம்முடிவை விளங்கிக்கொள்ளச் சற்று நிற்க வேண்டும். திட்டம் பேசப்பட்ட ஏழாண்டுகளில் பழைய நிலைக்குடியினர் பலர் வேறிடம் சென்றுவிட்டனர். காலியான வீடுகளில் வீடற்ற குடும்பங்களை நகராட்சி தற்காலிகமாக அமர்த்தியது. நிலையான குடியுரிமை இல்லாத அவர்கட்கு, திட்டம் நிறைவேறின் நிலையான நகராட்சி வீடு கிடைக்கும் என்று உறுதியளிக்கப்பட்டது. ‘இடித்துவிடாதீர்’ என்று வாதிட்டோர் பெரும்பாலும் வீட்டைத் தமதாக்கிக்கொண்டோரும் பழைய குடியினரும் கடைக்காரரும் ஆவர். ‘இடியுங்கள்’ என்றோர் அடுத்த ஆண்டு எங்கிருப்போம் என்று அறியாத தாய்மார். எளியோர் இரு கூறாகப் பிரிந்து ஒருவர்க்கெதிராய் ஒருவர் வாக்களித்தனர். ஒரு நிலையான கூரைக்காகத் தாம் வாழும் கூரையை இடிக்கச் சம்மதித்த அத்தாய்மாரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் வீடற்றோர்க்கு வீடு என்பது நகராட்சியின் கடமை. அக்கடமையை ஒரு கட்டடத் திட்டத்தின் பரிசாக மாற்றி வாக்குச் சீட்டின் மேல் வைத்தது முறையன்று என்பதே நம் எண்ணம்.

பின் நடந்தவை விரைவில் சொல்லி முடிக்கத்தக்கவை. 2022இல் திட்டத்திற்கு அனுமதி கிடைத்தது. அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றது யார் தெரியுமா? கழகமே. புதிய மாடிகள் எழுந்தால் ஆட்ட நாளில் திரளும் கூட்டம் பாதுகாப்பாகச் செல்ல வழி போதாது என்று அது முறையிட்டது. பட்டறைக்காரர் நின்ற இடத்தில் இப்போது கழகம் நின்றது. 2023 அக்டோபரில் அவ்வழக்கும் தள்ளுபடியாயிற்று. 2024 மே மாதத்தில் லெண்ட்லீஸ் நிறுவனம் வெளிநாட்டுக் கட்டுமானத் தொழிலிலிருந்து விலகித் தாய்நாட்டுக்கே திரும்பப் போவதாக அறிவித்தது. கழகத்தைக் கால் நூற்றாண்டுக் காலம் நடத்திய டேனியல் லெவி 2025 செப்டம்பரில் தலைமையிலிருந்து நீங்கினார்.

இதே வழியில் மான்செஸ்டர் யுனைடெட் கழகமும் ஓல்டு டிராஃபோர்டில் ஒரு லட்சம் பேர் அமரும் அரங்கையும், அதனைச் சூழ 17,000 வீடுகளையும் குறித்த திட்டத்தை 2025 மார்ச்சில் வெளியிட்டது. அங்கே வீடுகளைவிடக் கிடங்குகளும் சரக்கு வண்டி நிலையமுமே மிகுதி. ஆகவே டாட்டன்ஹாமின் இடர் அப்படியே அங்கு நேரும் என்று கூறுவதற்கில்லை.

நிறுவனம் வரும், போகும். லவ் லேன் குடியினர் கையில் 2021இல் வந்த உறுதிமொழி ஏடு நிறுவனத்தின் பெயரால் எழுதப்பட்டதன்று. வீட்டுக்காரர் என்ற முறையில் ஹாரிங்கே நகராட்சி மன்றம் தன் பெயரால் அளித்தது அது. அதில் குறித்துள்ள நகராட்சி வாடகை வீடுகளின் எண்ணிக்கை ஐந்நூறு.